எண்ணெய் பஸ்ராவில், கணக்கு நியூயார்க்கில்

பஸ்ராவின் அஷ்ஷார் கடைத்தெருவில் நிமிர்ந்து பார்த்தால் வானத்தைவிட ஒயர்தான் அதிகம் தெரிகிறது. தெருமுனைக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர், தகரக் கொட்டகைக்குள் உறுமிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு மரப்பலகை. பலகை நிறைய பிரேக்கர் சுவிட்சுகள், ஒவ்வொன்றின் கீழும் மார்க்கர் பேனாவில் ஒரு வீட்டுக்காரர் பெயர். மாதத்துக்கு இத்தனை ஆம்பியர் என்று பேசிக் காசு கட்டினால் அந்த சுவிட்சிலிருந்து வீட்டுக்கு ஒயர் வரும். குறைந்த ஆம்பியர் வாங்கினவருக்கு விளக்கு, மின்விசிறி, ஃப்ரிட்ஜ். ஏசி ஓட்டுவது கையில் காசு உள்ளவர் பாடு.

அரசு மின்சாரத்தை இங்கே ‘வதனிய்யா’ என்கிறார்கள். நான் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தபோது வதனிய்யா போனது. தெருவே ஒரு கணம் அடங்கியது. ஜெனரேட்டர்காரர் எழுந்து பெரிய கைப்பிடியை மறுபக்கம் தள்ளினார். கடை விளக்குகள் வரிசையாக எரிந்தன. யாரும் பேச்சை நிறுத்தவில்லை, டம்ளரைக் கீழே வைக்கவும் இல்லை. 2023 ஆகஸ்ட் கடைசி அது. வெயில் ஐம்பது டிகிரியை நெருங்கிக்கொண்டிருந்தது. வளைகுடாப் பக்கமிருந்து வரும் ஷர்ஜி என்ற ஈரக்காற்று சட்டையை உடம்போடு ஒட்டவைத்தது.

அன்றிரவு விடுதியின் மொட்டைமாடியில் ஏறிப் பார்த்தேன். மேற்கே அடிவானம் செம்மஞ்சளாக எரிந்தது. ருமைலா, ஸுபைர், மேற்கு குர்னா என்று உலகத்தின் பெரிய எண்ணெய் வயல்கள் சில அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. எண்ணெயோடு சேர்ந்து வரும் வாயுவைப் பிடித்துச் சுத்தம் செய்யப் போதிய ஆலை இல்லாததால் குழாயின் வாயிலேயே கொளுத்திவிடுகிறார்கள். இப்படிக் கொளுத்துவதில் ரஷ்யா, ஈரானோடு உலகின் முதல் வரிசையில் நிற்கிறது ஈராக். அதே ஈராக் தன் மின்நிலையங்களை ஓட்ட ஈரானிடம் வாயு வாங்குகிறது. ஈரான்மேல் அமெரிக்கத் தடை இருப்பதால், வாங்கிய வாயுவுக்குக் காசு கொடுக்க வாஷிங்டன் அவ்வப்போது விலக்கு தர வேண்டியிருந்தது. நான் போவதற்கு முந்தின மாதம், கோடையின் உச்சத்தில், பாக்கி தேங்கியதால் ஈரான் வாயுவைப் பாதிக்குமேல் குறைத்துவிட்டது. கடைசியில் ஈராக் எண்ணெயைக் கொடுத்து வாயு வாங்க ஒப்புக்கொண்டது. தன் காலடி வாயுவை எரித்துவிட்டு, பக்கத்து நாட்டு வாயுவுக்கு மூன்றாவது நாட்டின் அனுமதியை எதிர்பார்த்து நின்றது ஒரு தேசம். வெளிநாட்டுப் படை நுழைந்து இருபது ஆண்டு கழித்து இதுதான் நிலையாக இருந்தது.

ஷத் அல்-அரப் ஆற்றங்கரையில் கவிஞர் பத்ர் ஷாகிர் அஸ்-ஸய்யாபின் சிலை நிற்கிறது. முன்பு இதே கரையில் ஈரான் போரில் செத்த அதிகாரிகளின் சிலைகள் வரிசையாக, கிழக்கே ஈரானை நோக்கி விரல் நீட்டி நின்றன. 2003-இல் அவற்றைப் பிடுங்கிவிட்டார்கள். சிலைகள் நின்ற கரையில் என்னோடு நடந்தவர் ஓய்வுபெற்ற பொறியாளர். தெற்கு எண்ணெய்க் கம்பெனியில் பாதி ஆயுளைக் கழித்தவர். என்னை ‘உஸ்தாத்’ என்றுதான் கூப்பிட்டார். வயதில் மூத்தவர் அப்படிக் கூப்பிடுவது எனக்குக் கூச்சமாக இருந்தது. தேநீர் வேண்டாம் என்று, பஸ்ரா எலுமிச்சை என்றே அவர்கள் சொல்லும் காய்ந்த எலுமிச்சையைக் கொதிக்கவைத்த கஷாயத்தை எனக்கும் வாங்கிக் கொடுத்தார்.

அவர் பேச்சு 2003-இல் தொடங்கவில்லை, 1991-இல் தொடங்கியது. அந்த வருஷம் அமெரிக்கக் கூட்டணியின் குண்டுகள் மின்நிலையங்களையும் பாலங்களையும் சுத்திகரிப்பு ஆலைகளையும் நொறுக்கின. ஐ.நா. தடையால் ஒரு வால்வுகூட வெளியிலிருந்து வராது. “ஒரு டர்பைனைச் சாகடித்து இன்னொரு டர்பைனுக்கு உயிர் கொடுத்தோம், உஸ்தாத். உதிரிபாகத்தை நாங்களே கடைசல் பிடித்தோம். சில மாதத்தில் விளக்கு எரிந்தது. பாக்தாத்தில் ஜும்ஹூரியா பாலம் எழுந்தது.” சதாமின் நல்ல காலத்தை நினைத்து ஏங்கும் ஆள் இல்லை அவர். அதே 1991 மார்ச்சில் பஸ்ராவில் வெடித்த எழுச்சியை ராணுவம் நசுக்கியபோது வீட்டைவிட்டுப் போன அவர் தம்பி திரும்பி வரவில்லை. “அந்த ஆட்சி எங்களைக் கொன்றது. ஆனாலும் பாலத்தைக் கட்டியது நாங்கள்தான்,” என்றார்.

2003 மார்ச் 20-இல் அமெரிக்கத் தலைமையில் படையெடுப்பு. ஏப்ரலில் பாக்தாத் விழுந்தது. தேசிய அருங்காட்சியகத்துக்குள் கொள்ளையர் புகுந்து ஆயிரக்கணக்கான தொல்பொருள்களை அள்ளிச் சென்றபோது, அமெரிக்க டாங்கிகள் எண்ணெய் அமைச்சகத்தின் வாசலில் காவல் நின்றன. மே மாதம் பால் பிரெமர் வந்தார், ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தலைவராக. மே 16-இல் அவர் போட்ட முதல் உத்தரவு, சதாமின் பாத் கட்சியின் மேல்மட்ட உறுப்பினர்களை அரசு வேலையிலிருந்து நீக்கியது. அமைச்சகங்களிலும் அரசு நிறுவனங்களிலும் முதல் மூன்று அடுக்கில் முழு உறுப்பினராக யார் இருந்தாலும் வெளியே போக வேண்டும். மே 23-இல் இரண்டாவது உத்தரவு, சுமார் 4 லட்சம் பேர் கொண்ட ராணுவத்தைக் கலைத்தது. துப்பாக்கி சுடத் தெரிந்த அத்தனை பேரைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பியதன் விளைவை உலகம் பார்த்தது. முதல் உத்தரவின் விளைவைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறார்கள். பதவி உயர்வுக்காகக் கட்சி அட்டை வாங்கிய தலைமைப் பொறியாளர்களும் பேராசிரியர்களும் மருத்துவமனைத் தலைவர்களும் ஒரே கையெழுத்தில் போனார்கள். 1991-இல் டர்பைனைத் திறந்து மூடத் தெரிந்த கைகள் அவை.

அவர்கள் இடத்தை ஒப்பந்தக்காரர்கள் நிரப்பினார்கள். பஸ்ரா குழந்தைகள் மருத்துவமனையை வெளியிலிருந்து பார்த்தேன். புற்றுநோய்ச் சிகிச்சைக்காகக் கட்டியது. 5 கோடி டாலர் என்று மதிப்பிட்டு பெக்டெல் நிறுவனத்திடம் கொடுத்தார்கள். பாதுகாப்பு இல்லை, வேலை இழுத்தது. 2006-இல் அந்த நிறுவனம் விலக்கப்பட்டது. 2010-இல் திறப்பதற்குள் செலவு 16 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. இது குறைசொல்லத் தேர்ந்தெடுத்த ஒற்றை உதாரணம் இல்லை. ஈராக் மறுசீரமைப்புக்கென்று அமெரிக்காவே நியமித்த சிறப்புத் தணிக்கையாளர் ஸ்டூவர்ட் போவென் 2013-இல் கொடுத்த கடைசி அறிக்கையில், சுமார் 6,000 கோடி டாலர் செலவாகியும் பலன் மிகக் குறைவு என்ற வருத்தம் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது.

அந்தக் காசாவது அமெரிக்க வரிப்பணம். ஈராக்கின் சொந்தக் காசு போன கதை வேறு. 2003 மே 22-இல் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1483-ஆம் தீர்மானம் தடையை நீக்கியது. எண்ணெய் விற்ற பணத்தில் பெரும்பகுதி ஈராக் வளர்ச்சி நிதி என்ற ஒரே கணக்கில் சேர வேண்டும் என்றது. கணக்கு நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில். செலவழிக்கும் அதிகாரம் பிரெமர் நிர்வாகத்திடம். 2004 ஜூன் வரை அந்தக் கணக்கிலிருந்து ஏறக்குறைய 1,200 கோடி டாலரை, கட்டுக்கட்டாகப் பலகைமேல் அடுக்கி, ராணுவச் சரக்கு விமானங்களில் பாக்தாத்துக்குக் கொண்டுபோனார்கள். நோட்டுகளின் எடை மட்டும் 363 டன். ஆட்சியை ஈராக்கியரிடம் ஒப்படைக்க ஒரு வாரம்கூட இல்லாதபோது, ஒரே தடவையில் 240 கோடி டாலர் போனது. இடைக்கால அமைச்சகங்களுக்குக் கொடுத்த 880 கோடி டாலருக்கு உருப்படியான கணக்குக் காட்டப்படவில்லை என்று போவெனின் தணிக்கை சொன்னது. பொறியாளரிடம் இந்த எண்ணிக்கையைச் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. “அந்த வருஷம் எங்கள் பட்டறைக்கு கேஸ்கெட் வாங்கக் காசில்லை,” என்றார்.

மறுநாள் காலை நஹ்ரான் உமர் கிராமத்துக்குப் போனோம், பஸ்ராவுக்கு வடக்கே. வீடுகளுக்குப் பின்னால் பேரீச்சை மரங்கள், அவற்றுக்குப் பின்னால் தீ. பகல் வெளிச்சத்திலும் சுவாலை தெரிகிறது; அருகே போகப் போக ஒரு தொடர்ந்த இரைச்சல் காதுக்குள் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு வீட்டு வாசலில் கொடியில் போட்ட வெள்ளைச் சட்டையை அந்த வீட்டம்மா உதறிக் காட்டினார். கருப்புத் தூள் விழுந்தது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியில் விரலால் கோடு இழுத்தேன், விரல்நுனி மசியாகியது. புற்றுநோய் வந்த பிள்ளைகளைப் பற்றி அந்த ஊரில் யாரும் குரலைத் தாழ்த்திப் பேசுவதில்லை, பேசிப் பேசி அலுத்துவிட்டார்கள். எண்ணெய் வயலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறீர்களே, வேலை கொடுக்கிறார்களா என்று கேட்டேன். அந்த அம்மாவின் மகன், டிப்ளமா படித்தவன், பதில் சொன்னான்: “கட்சிக்காரர் சீட்டு வேண்டும், அம்மு. எங்களிடம் சீட்டு இல்லை.” அவன் சொன்ன ‘அம்மு’, நாம் சித்தப்பா என்று கூப்பிடுவதற்குச் சமம்.

அந்தக் கிராமத்திலும் குடிக்கத் தண்ணீர் லாரியில்தான் வருகிறது. இரண்டு மகாநதிகள் ஒன்றாகிக் கடலுக்குப் போகும் வழியில் இருக்கிற ஊர் பஸ்ரா. மேலே துருக்கியும் ஈரானும் கட்டிய அணைகளால் நீர்வரத்து குறைந்து, கடலுப்பு ஆற்றில் ஏறிவிட்டது. அதில் ஊரின் சாக்கடையும் கலக்கிறது. 2018 கோடையில் இந்தத் தண்ணீரால் 1,18,000 பேருக்குமேல் மருத்துவமனைக்குப் போனார்கள். வேலையும் மின்சாரமும் கேட்டு அந்த ஜூலையிலேயே தொடங்கியிருந்த போராட்டம் செப்டம்பரில் அரசு அலுவலகங்களையும் கட்சி அலுவலகங்களையும் ஈரானியத் துணைத் தூதரகத்தையும் எரித்தது. நாட்டின் ஏற்றுமதி எண்ணெயில் பெரும்பகுதி, நாளொன்றுக்கு 30 லட்சம் பீப்பாய்க்குமேல், இந்த மாநிலத்தின் துறையிலிருந்துதான் கப்பலேறுகிறது.

பாக்தாத்துக்குப் பங்கு டாக்ஸியில் கிளம்பினேன். ஷியா முஸ்லிம்களின் அர்பஈன் யாத்திரைக் காலம். கர்பலாவை நோக்கி ஐந்நூறு கிலோமீட்டருக்குமேல் நடந்து போகிறவர்கள் சாலையோரம் கறுப்புடையில், தோளில் கொடியோடு, குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு. அவர்களுக்காக வழிநெடுகக் கூடாரங்கள், ‘மௌகிப்’ என்கிறார்கள். ஒரு மௌகிபில் எங்கள் காரையும் மறித்து உட்காரவைத்தார்கள். சோறு, கடலைக் குழம்பு, பனிக்கட்டி போட்ட தண்ணீர். மாங்காய் ஊறுகாயும் வந்தது, அதன் பெயர் ‘அம்பா’. பம்பாய்க்கு வணிகம் செய்யப் போன பாக்தாத் யூதர்கள் கொண்டுவந்த பண்டம் என்று சொல்வார்கள். நடப்பவர்களின் கால்களைக் கழுவி எண்ணெய் தேய்த்துவிட ஒரு தனிக் கூடாரம். காசு யாரும் வாங்கவில்லை. சமையலும் தண்ணீரும் படுக்கையும் குப்பை அகற்றலும் கிராமத்துக்காரர்கள் தாங்களே வகுத்துக்கொண்ட ஏற்பாடு. லட்சக்கணக்கானவர்களுக்கு வாரக்கணக்கில் சோறு போடும் இந்த மக்களுக்கு ஒரு குடிநீர்த் திட்டத்தை நடத்தத் தெரியாதா? வெளிநாட்டு நிபுணர்கள் எழுதும் அறிக்கைகளில் ‘ஈராக்கியருக்குத் திறன் போதவில்லை’ என்று வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூடாரத்து அண்டாக்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

வழியில் நாசிரியாவில் இறங்கி ஸைத்தூன் பாலத்தின்மேல் நின்றேன். 2019 நவம்பர் 28-இல் போராட்டக்காரர்கள் மறித்திருந்த இந்தப் பாலத்தில் பாதுகாப்புப் படை சுட்டது. ஒரே நாளில் பல உயிர்கள் போயின. மறுநாளே பிரதமர் ஆதில் அப்துல் மஹ்தி பதவி விலகுவதாக அறிவித்தார். அந்த அக்டோபரில் தொடங்கி நாடெங்கும் நடந்த எழுச்சியில் சுமார் 600 பேர் செத்தார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். எங்களுக்கு ஒரு நாடு வேண்டும் என்பதே அவர்கள் முழக்கம். பாலத்தில் இப்போது வண்டிகள் போகின்றன. கைப்பிடிச் சுவர்ப் பக்கம் இறந்தவர்களின் படங்கள் வெயிலில் வெளுத்திருந்தன.

பாக்தாத்தின் தஹ்ரீர் சதுக்கத்தில் ஜவாத் சலீமின் சுதந்திரச் சின்னத்துக்குக் கீழே நம்மூர் பஜாஜ் ஆட்டோக்கள் சவாரிக்குக் காத்து நின்றன. 2019-இல் ஆம்புலன்ஸ் நுழைய முடியாத இடத்திலிருந்து அடிபட்டவர்களை அள்ளிக்கொண்டு ஓடியவை இந்த ஆட்டோக்கள்தான். போராட்டக்காரர்கள் தங்கள் பத்திரிகைக்கே ‘துக்துக்’ என்று பெயர் வைத்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், அரசு அலுவலகங்கள் இருக்கும் காவல் பகுதியான பசுமை மண்டலம். 2009-இல் திறந்த அமெரிக்கத் தூதரகம் அதற்குள் இருக்கிறது, 104 ஏக்கரில், உலகிலேயே பெரிய தூதரகம்.

அந்த இளைஞர்கள் எதை எதிர்த்து நின்றார்களோ அதற்கு ஈராக்கில் ‘முஹாஸஸா’ என்று பெயர், பங்கீடு. 2003 ஜூலையில் பிரெமர் நிர்வாகம் அமைத்த 25 பேர் ஆளுகைக் குழுவில் ஷியா இத்தனை, சுன்னி இத்தனை, குர்து இத்தனை என்று எண்ணி உட்காரவைத்தார்கள். இந்தப் பங்கீட்டுப் பேச்சு புலம்பெயர்ந்த எதிர்க்கட்சிகளிடம் முன்பே இருந்தது. ஆனால் அதை அரசாங்கமாக்கியது ஆக்கிரமிப்பு. இன்றும் அதிபர் குர்து, பிரதமர் ஷியா, சபாநாயகர் சுன்னி. அதற்குக் கீழே ஒவ்வொரு அமைச்சகமும் ஒரு கட்சியின் பங்கு. அமைச்சகம் என்றால் வேலைவாய்ப்பு, ஒப்பந்தம், ரொக்கம். அரசு வருமானத்தில் சுமார் 90 சதவீதம் எண்ணெயிலிருந்து வருகிறது. மக்களிடம் வரி கேட்டு நிற்க வேண்டிய அவசியம் அரசுக்கு இல்லை, ஆகவே பதில் சொல்லும் அவசியமும் இல்லை. 2022-இல் வெளியான திருட்டு ஒன்றைச் சொன்னால் போதும். ராஃபிதைன் வங்கியில் வரித்துறையின் கணக்கில் இருந்த வைப்புப் பணத்திலிருந்து 250 கோடி டாலரை, 247 காசோலைகளில், ஐந்து கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. ஒரு வருஷமாக எடுத்தார்கள்.

அமெரிக்கா எண்ணெயைப் பிடுங்கிக்கொண்டது என்று நம்மூரில் ஒரே வரியில் சொல்லிவிடுவோம். நடந்தது அதைவிடச் சிக்கலானது. 2009 ஜூனில் தொலைக்காட்சியில் நேரலையாக ஏலம் விட்டார்கள். ருமைலா பிரிட்டனின் பிபி-க்கும் சீனாவின் சிஎன்பிசி-க்கும் போனது, பீப்பாய்க்கு 2 டாலர் கூலி என்ற கணக்கில். அதே ஆண்டு டிசம்பரில் நடந்த அடுத்த ஏலத்தில் மேற்கு குர்னா-2 ரஷ்ய நிறுவனத்தின் தலைமையில் 1.15 டாலருக்குப் போனது. மண்ணும் எண்ணெயும் ஈராக்குடையதாகவே இருந்தன. அந்தப் பேரத்தை நடத்திய அதிகாரிகளை நான் மதிக்கிறேன். ஆனால் விற்ற காசை யார், எந்த விதியின்படி பிரிப்பது என்பதற்குச் சட்டம் இல்லை. எண்ணெயும் வாயுவும் எல்லாப் பகுதி மக்களுக்கும் சொந்தம் என்று 2005 அரசியலமைப்பின் 111-ஆம் பிரிவு சொல்கிறது. அதைச் செயல்படுத்தும் சட்டத்தின் வரைவை 2007 பிப்ரவரியில் அமைச்சரவை ஏற்றது, நாடாளுமன்றத்தைத் தாண்டவில்லை. காத்திருக்காமல் குர்துப் பிராந்தியம் அதே ஆண்டு ஆகஸ்டில் தனக்கென்று ஒரு எண்ணெய்ச் சட்டம் போட்டுக்கொண்டது. 2022-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

பங்கு முதலில், சட்டம் பிறகு என்ற இந்த வரிசை ஈராக்குக்குப் புதிதில்லை. முதல் உலகப் போரில் பம்பாயிலிருந்து இந்தியச் சிப்பாய்களோடு வந்த பிரிட்டிஷ் படை பஸ்ராவைப் பிடித்தது. 1917-இல் பாக்தாத்தைப் பிடித்த தளபதி மாட், தாங்கள் வெற்றியாளராக வரவில்லை, விடுவிக்க வந்தோம் என்று அறிக்கை விட்டார். 1925 மார்ச் 14-இல் துருக்கி பெட்ரோலியம் கம்பெனி என்ற வெளிநாட்டுக் கூட்டுக்கு எண்ணெய் உரிமை எழுதிக்கொடுக்கப்பட்டது. ஈராக்கின் முதல் அரசியலமைப்பு வெளியானது அதற்கு ஒரு வாரம் கழித்து, மார்ச் 21-இல். அந்த உரிமையைத் திரும்பப் பெற்று நாட்டுடைமையாக்க 1972 ஜூன் வரை ஆயிற்று. அன்றும் சரி, 2003-இலும் சரி, பங்கு முதலில் முடிவானது, நாட்டின் விதி பிறகு எழுதப்பட்டது. ஈராக்கின் மறுகட்டுமானம் தோற்றதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. மதச் சண்டையும் ஊழலும் அதன்மேல் வளர்ந்தவை.

பிரெமர் போய்விட்டார், ஐ.நா. தீர்மானத்தின் நிதியும் முடிந்துவிட்டது. ஆனால் பஸ்ரா எண்ணெய் விற்ற டாலர் இன்னமும் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வில் உள்ள ஈராக் மத்திய வங்கியின் கணக்கில்தான் முதலில் விழுகிறது. 2020 ஜனவரியில் பாக்தாத் விமான நிலையத்தருகே ஈரானியத் தளபதி காசிம் சுலைமானியை அமெரிக்க ட்ரோன் கொன்றது. வெளிநாட்டுப் படைகள் வெளியேற வேண்டும் என்று இரண்டு நாளில் ஈராக் நாடாளுமன்றம் வாக்களித்தது. படையை வெளியேற்றினால் அந்தக் கணக்கைத் தொட முடியாமல் போகலாம் என்று வாஷிங்டன் எச்சரித்ததாக அமெரிக்க நாளேடுகள் எழுதின. நான் பாக்தாத்தில் இருந்தபோது அமெரிக்கப் படை அங்கேயே இருந்தது, எண்ணெய்ச் சட்டம் வரைவாகவே கிடந்தது.